படக்காரர் ரெய்னோவின் தலை

எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யார் வீட்டுக்குப் போனாலும் ரெய்னோ கெட்டுனன் எடுத்த படம் ஒன்று சுவரில் தொங்கும். முன்பல் விழுந்த வாய், ஒரு பக்கமாக வாரிய தலை, பின்னால் நீல மேகம் வரைந்த திரை. ஒவ்வொரு வருஷமும் இலை உதிரத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்து ஜிம்மில் விளக்குகளை நட்டு, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பிள்ளைகளை வரிசையாக வரச் சொல்வார். முதலில் ஆளுக்கொரு கறுப்புச் சீப்பு.

"ஒழுங்கா வாரிக்கோ. உன் பேரப்பிள்ளைங்க பார்க்கப்போற படம் இது."

அப்புறம் இரண்டு விரலால் தாடையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, "இப்போ அசையாதே. நீ அசைஞ்சா படத்துல இருக்கறது நீயில்ல, வேற யாரோ" என்பார். அடங்காத பிள்ளைகூட அந்த ஒரு நிமிஷம் கல்லாக உட்கார்ந்திருக்கும்.

இப்படி ஊரார் முடியையெல்லாம் வாரிவிட்ட மனிதரின் முடி அவருடையது அல்ல. டோப்பா. நல்ல பழுப்பு நிறம், இடது பக்கம் வகிடு. ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்து எல்லோருடைய தலையும் கலைந்து கிடக்கும்போது அவருடையது மட்டும் கடையில் வைத்த பொம்மையின் தலை மாதிரி அப்படியே இருக்கும். அறுபத்தொரு வயதில் ஒரு நரை கிடையாது. ரெய்னோ என் அக்கா எல்மாவின் கணவர். 'என் தங்கச்சி ஐலிக்கு வாய் நீளம்' என்று அக்கா சொல்வாள். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல, வடக்கு மின்னசோட்டாவின் அந்த இரும்புச் சுரங்க ஊரே கட்டிக்கொண்டிருந்தது.

பட்டாளத்தில் இருந்தபோது ஏதோ நோய் வந்து, கொத்துக் கொத்தாக முடி கொட்டி, இருபத்துமூன்று வயதில் தலை முட்டையோடாகிவிட்டது. ஊர் திரும்பியவர் ஒரு மாதம் தொப்பியோடு திரிந்தார். பிறகு மினியாபோலிஸ் போய்விட்டு வந்தார். வந்தபோது தலை நிறைய முடி. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. பக்கத்து வீடு தீப்பிடித்து எரிந்தால்கூட, "கொஞ்சம் வெளிச்சமா இருக்கே, எல்லாம் சரிதானே?" என்று கேட்கிற ஆட்கள் நாங்கள்.

ஊருக்கு எப்படித் தெரியும் என்றால், சவுனாதான். எங்களில் பாதிப் பேர் பின்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். சனிக்கிழமை ஆனால் ஆண்கள் ஒரு முறை, பெண்கள் ஒரு முறை என்று மர அறைக்குள் போய், சுட்ட கல்லில் தண்ணீரை ஊற்றி, ஆவியில் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்போம். ரெய்னோ மட்டும் வரவே மாட்டார். "எனக்கு ஆவி நெஞ்சுக்கு ஒத்துக்காது" என்பார். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் எல்லோரையும் அமுக்கிவிட்டுப் பாடுவார். நாங்களும் "பாவம், நெஞ்சு" என்று தலையாட்டிக்கொள்வோம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விரல் பொத்தான் மேல் இருக்கிறது, அழுத்த மாட்டேன் என்கிறது. எதிரே ஒரு பெண் குழந்தை சிரித்த வாயை மூடாமல் காத்துக்கொண்டிருந்தது. இடது கையால் அழுத்திச் சமாளித்தார். அந்த வாரமே காப்பிக் கோப்பை கையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. இரண்டாவது தடவை எல்மா அவரைக் காரில் ஏற்றிவிட்டாள்.

இரண்டு மணி நேரத் தொலைவில், ஏரிக்கரை நகரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். மண்டையோட்டுக்குக் கீழே, மூளையை மூடியிருக்கும் சவ்வில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் வலது கையை ஆட்டிவைக்கிற இடத்தின் மேலேயே சாய்ந்து படுத்திருந்தது.

டாக்டர் ஹால்வர்சன் என்ற பெண்தான் அறுவை செய்பவள். என் மகளாக இருக்கலாம், அவ்வளவு வயது. பேச்சில் சர்க்கரை கிடையாது.

"கட்டியை எடுக்கறது கஷ்டமில்ல மிஸ்டர் கெட்டுனன். கையை உங்களுக்கே விட்டுட்டு எடுக்கறதுதான் கஷ்டம். கண்ணால பார்த்தா கட்டி எங்கே முடியுது, கை எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரியாது. அதைக் காட்டறதுக்குத்தான் கம்ப்யூட்டர்."

அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தை எங்களுக்கு விளக்கியது ஸ்கேன் எடுக்கும் கர்ட்டிஸ். பெரிய உடம்பு, பூனை நடை. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, சின்ன டோனட் மாதிரி இருந்த ஒட்டுவில்லைகளைக் கையில் வைத்துக் காட்டினான்.

"இதையெல்லாம் உங்க தலையைச் சுத்தி ஒட்டுவேன். ஒட்டினபடியே ஸ்கேன் எடுப்பேன். படத்துல வில்லையும் தெரியும், உள்ளே கட்டியும் தெரியும். நாளைக்கு நீங்க மயக்கத்துல இருக்கும்போது டாக்டர் ஒரு குச்சியால ஒவ்வொரு வில்லையாத் தொடுவாங்க. அந்தக் குச்சி எங்கே இருக்குன்னு மேலேருந்து ஒரு கேமரா பார்த்துக்கிட்டிருக்கும். அதை வெச்சு, படத்தையும் உங்க தலையையும் கம்ப்யூட்டர் ஒண்ணா பொருத்திடும். அதுக்கப்புறம் குச்சி நுனி மூளையில எங்கே நிக்குதோ, திரையில அதே இடத்துல புள்ளியாத் தெரியும்."

ரெய்னோவுக்கு அது பிடித்துவிட்டது. தொழில் பேச்சு அல்லவா.

"அப்போ படம் எடுத்த பிறகு ஆள் மாறக் கூடாது."

"அதேதான்! வில்லை அசைஞ்சா படம் வேற, தலை வேற ஆயிடும். அதனால ஒவ்வொண்ணையும் சுத்தி ஊதா மையால கோடு போட்டு விடறேன். ராத்திரி குளிக்காதீங்க, சொறியாதீங்க. ஒண்ணு கழண்டாலும் சொல்லிடுங்க. யாரும் திட்ட மாட்டோம், மறுபடி ஒட்டிப் படம் எடுத்துக்கலாம். சொல்லாம மட்டும் இருந்துடாதீங்க."

பிறகு ரெய்னோ எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் கீழே போய்க் காப்பி குடிங்க" என்றார். காப்பி வேண்டாம் என்று எல்மா சொன்னாள். "குடிங்கன்னா குடிங்க" என்றார். போனோம். அந்தக் கதவுக்குப் பின்னால் முதல் தடவையாக ஒரு மனிதன் முன்னால் தன் கையாலேயே டோப்பாவைக் கழற்றினார். கர்ட்டிஸ் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினானாம். நாங்கள் மேலே வந்தபோது ரெய்னோ குளிர்கோட்டின் முக்காட்டை இழுத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றார். மூக்கும் கண்ணும்தான் தெரிந்தன.

"குளிருதா?" என்றாள் எல்மா.

"ஆமா."

அந்தத் தாழ்வாரத்தில் ஹீட்டர் சூட்டில் எனக்கு அக்குள் நனைந்திருந்தது. சரி என்று மூவரும் காரை நோக்கி நடந்தோம்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மோட்டலில் தங்கினோம். சாயங்காலம் அறையில் போன் அடித்தது. எங்கள் சர்ச் பாஸ்டர் டேல்தான். பாடகர் குழு முழுக்க சர்ச் வேனில் கிளம்பிவிட்டதாம். ரெய்னோவுக்காக ஒரு பாட்டுப் பாடி ஜெபம் செய்துவிட்டு, அங்கேயே தங்கி, அறுவை முடிந்ததும்தான் போவார்களாம்.

"வேண்டாம்னு சொல்லு" என்றார் ரெய்னோ, இன்னும் முக்காட்டுக்குள்ளிருந்து.

"பாதி வழி வந்துட்டாங்களாம். உருளைக்கிழங்கும் கறியும் போட்ட ஹாட்டிஷ் வேற சுடச்சுடக் கொண்டு வர்றாங்களாம்" என்றாள் எல்மா.

"நான் தூங்கறேன்னு சொல்லு."

"இந்த நேரத்துலயா? ரெய்னோ, அவங்க உனக்காக வர்றாங்க."

கம்பளித் தொப்பி ஒன்று அவர் கையில் இருந்தது. தினமும் படுக்கும்போது போட்டுக்கொள்ளும் தொப்பி. அதைக் கையில் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். தொப்பியோடு போய் உட்காரலாம், யாரும் எதுவும் நினைக்கப் போவதில்லை. ஆனால் பாஸ்டர் வருகிறாரே. எங்கள் ஊரில் ஜெபம் என்றால் ஆண்பிள்ளை தலையில் எதுவும் இருக்கக் கூடாது. மீன்பிடிப் படகிலாகட்டும், பனி கொட்டும் இடுகாட்டிலாகட்டும், பாஸ்டர் வாயைத் திறந்தால் தொப்பி கைக்கு வந்துவிடும். யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, கை தானாகவே போகும். ரெய்னோ அதைத்தான் யோசித்திருக்கிறார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

உள்ளே நடந்ததை வெகு நாள் கழித்து அவரே சொன்னார். வில்லைகளின் மேலேயே டோப்பாவை வைத்துப் பார்த்திருக்கிறார். காளான் முளைத்த மாதிரி அங்கங்கே புடைத்துக்கொண்டு நின்றது. ஆகவே மேலே இருந்தவற்றை மட்டும் நகத்தால் மெல்லப் பிரித்து, அதே வரிசையில் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். தலையில்தான் ஊதாக் கோடு இருக்கிறதே, அரை மணி நேரம் கழித்துத் திருப்பி ஒட்டிவிடலாம் என்று கணக்கு. வெளியே வந்தபோது தலை நிறைய முடி, இடது வகிடு. நானும் எல்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வில்லைகள் காதோரத்தில்தான் இருக்கும்போல என்று நினைத்தோம். எங்கே ஒட்டினார்கள் என்று நாங்கள் பார்க்க விட்டால்தானே?

மோட்டல் முன்கூடத்தில் பாடினார்கள். ஹாட்டிஷும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிட்டோம். "ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். தொப்பிகள் இறங்கின. ரெய்னோ வாரிய தலையைக் குனிந்து நின்றார். அந்தக் கூட்டத்திலேயே மிக அழகான தலை அவருடையதுதான். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நான்கூட சந்தோஷப்பட்டேன். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் கழுத்தில் வேர்வை ஓடியது.

அந்த வேர்வைதான் கெடுத்தது. திரும்பப் போய்க் கழற்றிப் பார்த்தால் ஊதாக் கோடுகள் கரைந்து தலையெல்லாம் ஈஷியிருந்தன. நாளைக்கு நர்ஸ் பார்த்தால் என்ன ஆச்சு என்று கேட்பாளே என்று, டோப்பாப் பசையைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டால் அவ்வளவையும் சுத்தமாகத் துடைத்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, ஞாபகத்திலிருந்து, ஒவ்வொரு வில்லையாக ஒட்டினார். ஆயுசு பூராவும் படம் எடுத்த கண், ஒரு நூல்கூடப் பிசகாது என்று நம்பினார். நாலு அடி நடந்தால் ஆஸ்பத்திரி. போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது?

காலையில் பச்சை அங்கி மாட்டிப் படுக்க வைத்தார்கள். தலைக்குக் காகிதத் தொப்பி. ஷெரில் என்ற நர்ஸ் அதை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

"கோடு அழிஞ்சிருக்கே மிஸ்டர் கெட்டுனன். ஏதாவது கழண்டுச்சா?"

"இல்ல. ராத்திரி வேர்த்துச்சு. அதான்."

"நிச்சயமா?"

"ஒண்ணும் கழலல."

எங்கள் முன்னால்தான் சொன்னார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ஷெரில் அவருடைய துணிமணியைப் போட்ட பிளாஸ்டிக் பையை எல்மாவிடம் கொடுத்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் பாடகர் குழு ஏற்கெனவே நாற்காலிகளைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. எல்மாவுக்குச் சும்மா இருக்க வராது. சட்டையை ஒழுங்காக மடித்து வைக்கலாம் என்று பையைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பையின் வாயைச் சுருட்டி மூடி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நான் அவளைக் காப்பி இயந்திரத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி?"

பையை என் பக்கம் விரித்தாள். சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த டோப்பா உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. அதன் துணியில் ஊதா வளையங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"நேத்து ஜெபத்துக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தானே நின்னான், ஒரு புடைப்புக்கூடத் தெரியலையே" என்றாள் எல்மா. "கழட்டியிருக்கான் ஐலி. கழட்டிட்டு மறுபடி ஒட்டியிருக்கான்."

"அப்போ இங்கே ஏண்டி நிக்கறே? ஓடிப்போய்ச் சொல்லு!"

"சொன்னா இதை வெச்சிருக்கான்னு தெரிஞ்சுடுமே."

"யாருக்குடி தெரியணும்? ஊருக்கே தெரியும்!"

"ஊருக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாதே." பையின் வாயை மறுபடி சுருட்டினாள். "எனக்குத் தெரியும்னே அவனுக்குத் தெரியாது. தூக்கத்துல அந்தக் கம்பளித் தொப்பி நழுவிடும். அவன் முழிக்கறதுக்குள்ள நான் எழுந்து இழுத்து விட்டுடுவேன். இத்தனை வருஷமா ஒரு நாள் தவறினதில்ல. இப்போ நானே போய் அவனை இத்தனை பேர் முன்னாடி அவுத்துப் போடட்டுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் கோபம், அந்த மண்டுவின் மேல் கோபம், வேன் பிடித்து வந்து ஜெபம் செய்தவர்கள் மேலும் கோபம்.

"உள்ளே அவன் மண்டையைத் திறக்கப் போறாங்க எல்மா. மானத்தைத் தூக்கிக் குப்பையில போடு."

அவள் அழவில்லை. வரவேற்பு மேஜைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குனிந்து, மூச்சுவிடுகிற சத்தத்தில் ஏதோ சொன்னாள்.

"காது கேக்கல மேடம். கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா?"

எல்மா மறுபடி சொன்னாள். அந்தப் பெண் கையைக் காதில் குவித்துக்கொண்டாள். "என்ன கழண்டுச்சுன்னு சொல்றீங்க?"

அப்போதுதான் என் அக்கா பைக்குள் கையை விட்டு டோப்பாவை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பி, மேஜையில் வைத்தாள்.

"என் புருஷன் டோப்பா வைக்கறவன்!" அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. "இதை மாட்டறதுக்காக வில்லையைக் கழட்டியிருக்கான். இதோ மை. நர்ஸ்கிட்ட பொய் சொல்லிட்டான். கத்தி வைக்க வேண்டாம்னு சொல்லுங்க!"

பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் டேல் சுவரில் ஒட்டியிருந்த ஃப்ளூ தடுப்பூசி விளம்பரத்தை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தார். எல்மா மட்டும் கழுத்துவரை சிவந்து, மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

டாக்டர் ஹால்வர்சன் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தாள். டோப்பாவைக் கையில் எடுத்து, ஒரு ஸ்கேன் படத்தைப் பார்க்கிற மாதிரி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காக அவளை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"இன்னும் கத்தி வைக்கல" என்றாள். "தொட்டுத் தொட்டுப் பார்த்தோம், தலையும் படமும் பொருந்தல. கேமரா கோளாறோன்னு பார்த்தோம். அப்புறம் கர்ட்டிஸ் சரியா ஒட்டலைன்னு நினைச்சு, அவரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டேன். எது தப்புன்னு தெரியாம, பொருந்தாத மாதிரி இருக்கற ரெண்டு வில்லையைத் தள்ளிட்டு மீதியை நம்பி ஆரம்பிக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தோம். நல்லதைத் தள்ளிட்டு, அசைஞ்சதை நம்பியிருப்போம்னு இப்போ தோணுது."

"எவ்வளவு பிசகியிருக்கும்?" என்று கேட்டேன்.

தன் சுண்டுவிரலைக் காட்டினாள். "இந்த அகலம். அவர் கை அவ்வளவு தூரத்துலதான் இருக்கு."

மயக்கத்திலேயே அவரைத் திரும்ப ஸ்கேனுக்குக் கொண்டு போனார்கள். கர்ட்டிஸ்தான் வில்லைகளைப் புதிதாக ஒட்டினான். மத்தியானம் தொடங்கி, இருட்டுவதற்குள் கட்டியை எடுத்துவிட்டார்கள். கை இருக்கிறது, கொஞ்ச நாள் பலவீனமாக இருக்கும், பிறகு தேறும் என்றாள் டாக்டர். எல்மா என் தோளில் சாய்ந்து அப்போதுதான் அழுதாள்.

கண் விழித்ததும் ரெய்னோ கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றி இல்லை.

"எல்மா. என் பை எங்கே?"

"என்கிட்ட இருக்கு."

"திறந்தியா?"

"திறந்தேன்."

கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு, "யாராவது பார்த்தாங்களா?" என்றார்.

எல்மாவுக்குப் பொய் வராது. "எல்லாரும் பார்த்தாங்க. நான்தான் காட்டினேன்."

கட்டுப் போட்ட தலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எங்களோடு பேசவே இல்லை. சூப்பை ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். பாடகர் குழு ஊருக்குத் திரும்பிப்போயிற்று. டாக்டர் வந்து கையைத் தூக்கச் சொல்வாள், விரலை மடக்கச் சொல்வாள், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்க மாட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கர்ட்டிஸ் வந்ததுதான் இன்னும் மோசம்; டாக்டரிடம் அவன் வாங்கிய திட்டை எல்மா ஏற்கெனவே ரெய்னோவிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பெரிய உடம்பு கட்டிலருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

"மன்னிச்சுக்குங்க மிஸ்டர் கெட்டுனன். நீங்க இவங்களை வெளியே அனுப்பினப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். மேலே ஒட்டாம வேற மாதிரி ஒட்டியிருக்கலாம். உங்களைத் தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் தப்பு."

ரெய்னோ கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குக் கீழே நீர் ஒழுகி, காதுப் பக்கம் இறங்கியது. அவன் போன பிறகும் திறக்கவில்லை.

கட்டைப் பிரித்த மறுநாள் மத்தியானம். தையல் போட்ட மொட்டைத் தலைக்கு எல்மா அந்தக் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். சாய்நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் அசந்துபோனார். தொப்பி மெல்லப் பின்னுக்கு நழுவியது. தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. பாஸ்டர் டேலின் குரல், கூட இன்னும் சிலர். மறுபடியும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். எல்மா எழுந்து போய், தொப்பியின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, ஒரே இழுப்பில் காதுக்கு மேல் கொண்டுவந்து விட்டாள். தையலில் படவில்லை, ஒரு மயிரிழை சத்தம் இல்லை.

ரெய்னோ விழித்துத்தான் இருந்தார்.

"ரொம்பப் பழக்கம் போலிருக்கே" என்றார். இத்தனை நாளில் பேசிய முதல் பேச்சு.

எல்மா கையை எடுக்க மறந்து நின்றாள்.

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து."

அவர் என்னைப் பார்த்தார். "உனக்கு?"

என் வாய் நீளம்தான், என்ன செய்வது? "சவுனாவுக்கு வராத பின்லாந்துக்காரன் ஊர்லயே நீ ஒருத்தன்தான் ரெய்னோ. எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா? பாஸ்டருக்கு?"

"அவருக்கு முன்னாடி இருந்த பாஸ்டருக்கும்."

"சிரிச்சீங்களா?"

"இல்ல" என்றாள் எல்மா.

"முதல் வருஷம் கொஞ்சம்" என்றேன் நான்.

நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. விரல்களுக்கு நடுவிலிருந்து பேச்சு வந்தது.

"எனக்கு வெட்கமா இருக்கு எல்மா. தலைக்கு இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணை மறைக்கறதுக்காக அந்த நர்ஸ் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னேன். அந்தப் பையன் கர்ட்டிஸ் எனக்காகத் திட்டு வாங்கிட்டு, என்கிட்டயே வந்து மன்னிப்புக் கேக்கறான். 'அசையாதே, அசையாதே'ன்னு ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் அதட்டினவன் நான். வெட்கமா இருக்கு."

எல்மா அவர் முதுகில் கையை வைத்தாள்.

கதவைத் தட்டிவிட்டு அவர்கள் உள்ளே வந்தார்கள். பாஸ்டர், அவருக்குப் பின்னால் பாடகர் குழுவில் ஐந்தாறு பேர், ஒருத்தி கையில் ஏலக்காய் ரொட்டி. யாரும் ரெய்னோவின் தலைப் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்கள், ரொட்டியைப் பார்த்தார்கள், பனி விழுமா என்று பேசினார்கள். பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பறோம்" என்றார். பிறகு அவசரமாக, "ரெய்னோ, உங்களுக்கு உடம்பு சரியில்ல, நீங்க தொப்பியோடவே இருக்கலாம்" என்றார்.

ஆண்களின் தொப்பிகள் இறங்கின. எல்லோரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. அதனால் பார்த்தேன். ரெய்னோ முகத்திலிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, வலது கையைத் தூக்கினார். அது பாதி வழியில் நின்றது. மறுபடி தூக்கினார். விரல்கள் கம்பளியில் மாட்டாமல் வழுக்கின. எல்மா உதவிக்குக் கை நீட்டினாள், அவர் தலையசைத்து வேண்டாமென்றார். பாஸ்டருக்கு ஏதோ புரிந்திருக்கவேண்டும், ஜெபத்தைத் தொடங்காமல் நின்றார். அந்த அறையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். மூன்றாவது தடவை விரல் பிடித்துக்கொண்டது. தொப்பி இறங்கி மடிக்கு வந்தது.

மொட்டைத் தலை, அதில் வளைந்து போகும் தையல், அதன் பக்கத்தில் கர்ட்டிஸ் போட்ட ஊதா வளையம் ஒன்று இன்னும் அழியாமல். காது நுனிவரை சிவந்திருந்தது.

பாஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார். எப்படித் தொடங்குவது என்று அவருக்கு மறந்துபோய்விட்டது போலிருந்தது.

"ஆரம்பிங்க பாஸ்டர்" என்றார் ரெய்னோ, யார் முகத்தையும் பார்க்காமல். "தலை குளிருது."